தலைகீழ்க் கேள்விகள்

மார்ச் 14, வியாழன்.

கூட்டலில் ஒரு தவறு செய்துவிட்டேன். தங்கையின் வினாத்தாளில் மனக் கலக்கத்தை அளக்கும் பகுதியில் பாதிக் கேள்விகள் தலைகீழானவை. ‘எதற்கும் நிதானம் இழக்கமாட்டேன்’ என்பதற்கு ஒருவர் ‘முழுக்க உண்மை’ என்று ஐந்து போட்டால் அதை ஒன்றாகத் திருப்பிக் கூட்ட வேண்டும். நான் ஐந்தாகவே கூட்டியிருக்கிறேன். இன்றுதான் கண்ணில் பட்டது. நம்பாமல் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். தவறுதான்.

மாலை வகுப்பில் உளவியல் படிக்கிறேன். இளம் வயதினரின் குணத்துக்கும், கடவுள் நம்பிக்கைக்கும், நேர்மைக்கும் என்ன உறவு என்று ஆளுக்கொருவரை வைத்து ஆராயச் சொன்னார்கள். நான் தங்கையை எடுத்துக்கொண்டேன். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து தினமும் பிரார்த்தனை செய்பவள் அவள்.

வினாத்தாளைப் பார்த்ததும் சிரித்தாள். “ஏன்க்கா, கடவுளுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு மார்க்கா? அவரு ஃபெயிலாயிட்டா என்ன பண்ணுவ?”

“இவளா விடுவா? மறுபடி எழுத வைப்பா” என்றாள் அம்மா, படுத்தபடியே.

என் கணக்குப்படி தங்கை எளிதில் கலங்குகிறவள். ஆகவே அவள் நம்பிக்கை பயத்தின் மேல் நிற்பது. பலமான அடி விழுந்தால் அது போகும், பின்னாலேயே நேர்மையும் போகும் என்று எழுதினேன். எழுதியதைச் சோதிக்காமல் விடுவது சரியல்ல என்று பட்டது. அடி தானாக விழும்வரை வகுப்பு காத்திருக்காது.

அம்மாவுக்கு இதய மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. நான் எதையும் மறக்காதவள் என்பதால் அது என்னிடம் வந்தது. மாத்திரைப் பெட்டியில் அதற்குப் பதில் அதே நிறத்துச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. தண்ணீரை வெதுவெதுப்பாகவே கொடுத்தேன்.

“நீ இல்லேன்னா எனக்கு யாரும்மா இருக்கா” என்றாள் அம்மா ஒருநாள். தலையணையை உயர்த்தி வைத்தேன்.

போன மாதக் கடைசியில் அம்மா போய்விட்டாள்.

தங்கை உடையவில்லை. இப்போதும் அதே இடத்தில், காலிக் கட்டிலின் கால்மாட்டில்தான் உட்காருகிறாள். நேற்று என் மடியில் தலை வைத்து, “நான் சரியா வேண்டிக்கலைக்கா. நீயாவது வேளாவேளைக்கு மாத்திரை குடுத்த. நான்தான் அம்மாவைக் கைவிட்டுட்டேன்” என்றாள். அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது.

சரியாகக் கூட்டியிருந்தால் அவள் கலங்காதவள் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். மாத்திரையை மாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. கூட்டலில் நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். மற்றபடி எதிலும் நான் அசட்டையாக இருந்ததாகத் தோன்றவில்லை.

நாளை: காலையில் அவளை எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும்; பசியில் விடைகள் மாறிவிடும். அதன் பிறகு இரண்டாம் வினாத்தாள்.