வலப்பக்கம் மட்டும் திரும்பிய தேர்

இந்தக் கதையை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவரிடம் கேட்டதும் இல்லை. எங்கள் ஊர் ரேஷன் கடையில் எடை போடும் குருவம்மாள் சின்னம்மா சொன்னது. அவருக்குச் சொன்னவர் அவருடைய மாமனார். மாமனார் அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒருவர். சின்னம்மா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார். எல்லாத் தடவையும் மாறாமல் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஊருக்குக் கரண்டுக் கம்பம் வராத காலம். குண்டாற்றுக்குத் தெற்கே கள்ளியேந்தல், கள்ளியேந்தலில் ஒரு மேலத்தெரு, ஒரு கீழத்தெரு. கீழத்தெருவில் பூவலிங்கம் என்று ஒருவர் இருந்தாராம். அணை கட்டுகிற இடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். என்ன வேலை? செயின் வண்டிக்குக் கிரீஸ் போடுகிற வேலை. அந்த டிராக்டருக்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கோத்த சங்கிலி ஓடும். அதன் மேல் வண்டி ஊர்ந்து போகும். ஆறு வருஷமும் பூவலிங்கம் அதன் வயிற்றுக்கு அடியில்தான் கிடந்தார். மேலே ஏற விட்டதில்லை. "கீழ உன் எடம், மேல என் எடம்" என்பாராம் ஆபரேட்டர்.

அவர் ஊர் திரும்பிய வருஷம், கீழத்தெருவின் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சர்க்கார் பன்னிரண்டு ஏக்கர் தரிசு கொடுத்தது. படத்தில் கோடு போட்டு வெட்டிய சரியான சதுரம். கல்லும் கருவேல வேருமாகக் கிடந்த மண். கூடவே ஒரு நிபந்தனை: மூன்று வருஷத்துக்குள் உழுது விதைக்க வேண்டும், இல்லையென்றால் பட்டா ரத்து.

மாடு கேட்டுப் போனார்கள். மேலத்தெருவில் மாடு இல்லை. ஏர் கேட்டுப் போனார்கள், ஏர் இல்லை. மேலத்தெருப் பெரியவீட்டுக்காரர் யாரும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சதுரத்துக்கு மூன்று பக்கமும் அவர் நிலம், நாலாவது பக்கம் கண்மாய்க்கரை. "மூணு வருசம் தானப்பா, கண்ணை மூடித் தொறந்தா போயிரும்" என்று சிரித்தாராம். இரண்டே முக்கால் வருஷம் போய்விட்டது. கொத்தக் கொத்த மண்வெட்டி வளைந்ததே தவிர, ஒரு சென்ட் தேறவில்லை.

கண்மாய்க்கரையில் ஒரு செயின் வண்டி நின்றது. தூர் வார வந்த கான்ட்ராக்டர் ஒருவர் விட்டுப் போனது. என்ஜின் இறுகிப்போய், வந்த மெக்கானிக் எல்லாம் கையை விரித்த பிறகு, "இதைக் கெளப்புறவன் எவனோ அவனே வச்சுக்கட்டும்" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். ஏழு வருஷத்தில் சீட்டுக்கு அடியில் புற்று வளர்ந்தது. சங்கிலியில் கோவைக்கொடி படர்ந்தது. பின்பக்கம் மண்ணைக் கிழிக்கும் மூன்று இரும்புப் பல் மட்டும் மழுங்காமல் இருந்தது.

"நான் கெளப்புறேன்" என்றாராம் பூவலிங்கம்.

"கிரீஸ் டப்பா தூக்குனவரு என்ஜினக் கெளப்பப் போறாராம்" என்று தெருவே சிரித்தது.

"ஏன், அடியில கெடந்து பாத்தவருக்குத் தெரியாதது மேல உக்காந்து பீடி குடிச்சவனுக்குத் தெரிஞ்சிருமா?" என்று கேட்டாராம் அவர் மனைவி பஞ்சவர்ணம். அதோடு சிரிப்பு நின்றது.

என்ஜினுக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கீழத்தெருப் பெண்கள் ஆளுக்கொரு கரண்டி விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். அதை வண்டி குடிக்கிற குருடாயிலோடு கலந்து பூவலிங்கம் உள்ளே ஊற்றினார். முதல் நாள் ஊற்றினார், அசையவில்லை. மூன்றாம் நாள் ஊற்றினார், அசையவில்லை. ஒன்பதாம் நாள் ஊற்றினார், அசையவில்லை. பதினெட்டாம் நாள் கடப்பாரை போட்டு நெம்பினார். ஒரு விரற்கடை அசைந்தது. மறுபடியும் ஊற்றினாராம்.

சங்கிலி ஆணிகள் இறுகிக் கிடந்தன. காய்ச்சி அடித்தால்தான் இளகும். உலை மூட்டக் கூடாது என்று கொல்லரிடம் பெரியவீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். சரி என்று சங்கிலி நெடுகக் கருவேல வேரை அடுக்கித் தீ வைத்தார்கள். எந்த வேர் மண்வெட்டியை நுழைய விடவில்லையோ அந்த வேர்தான் விறகு.

என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கிற தகடு இற்றுப் போயிருந்தது. பஞ்சவர்ணம் சீதனமாகக் கொண்டுவந்த செப்புக்குடத்தைத் தூக்கி வந்து வைத்தார்.

"தண்ணிக்கு என்னடி செய்வ?"

"ஊருல மண்பானை எல்லாம் ஒடஞ்சா போச்சு? வெட்டுங்க."

ஒன்று மட்டும் சரியாகவில்லை. வண்டியைத் திருப்ப இரண்டு கை லீவர் உண்டு. இடதை இழுத்தால் இடப்பக்கம், வலதை இழுத்தால் வலப்பக்கம். இடது லீவர் உள்ளே துருவேறிச் செத்துக் கிடந்தது. வலது லீவருக்கும் பாதி உயிர்தான். பிரேக் பட்டை தேய்ந்ததால் சட்டென்று மடங்காது, அகலமாகத்தான் வளையும். பிரித்துப் பார்க்க நாள் இல்லை. பார்வையிட அதிகாரி வர நாலே நாள்.

வண்டியைக் கிளப்ப, என்ஜினின் பெரிய சக்கரத்தில், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வடத்தைப் பிடித்தார்கள். பெரியவீட்டுக்காரர் ஆட்களோடு கரை மேல் வந்து நின்றார். கோயில் தேரின் வடத்தைக் கீழத்தெரு தொடக் கூடாது என்பது அன்றைக்கு ஊர்க் கட்டு.

"என்னலே, கீழத்தெருவுக்குத் தேரோட்டமா?" என்றாராம்.

"ஆமாய்யா" என்றார் பூவலிங்கம். "இழுங்கப்பா!"

ஒரு இழுப்பு இழுத்தார்கள், பெருமூச்சு விட்டது. இரண்டாம் இழுப்பு இழுத்தார்கள், இருமியது. மூன்றாம் இழுப்பில் கரும்புகை கக்கித் தடதடவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள், கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் ஒரே வீச்சாகப் பறந்ததாம்.

எல்லோரும் கத்துகிறார்கள். பூவலிங்கம் மட்டும் கீழேயே நிற்கிறார்.

"என்னங்க நிக்கிறீக? ஏறுங்க!"

"அது ஆபரேட்டர் எடம்டி."

"இங்க ஆபரேட்டர் யாரு? நானா?"

அப்புறம்தான் ஏறினாராம். சீட்டில் புற்று மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடாமலே உட்கார்ந்தாராம்.

வண்டி தரிசுக்குள் இறங்கியது. மூன்று பல்லும் மண்ணுக்குள் போனது. வேர் அறுந்தது, கல் புரண்டது. வண்டி வலப்பக்கம் வளைந்தது. மறுபடி வலப்பக்கம். மறுபடி வலப்பக்கம்.

கரை மேலிருந்து சிரிப்புச் சத்தம். "ஏலே, உன் தேருக்கு ஒரு பக்கம்தான் திரும்பத் தெரியுமோ?"

"சாமி தேரும் வலப்பக்கந்தான்யா சுத்துது. அதை யாரும் பழுதுங்கலையே!"

மூன்று பகல் சுற்றினார். வெளிவட்டத்தில் தொடங்கி உள்ளே உள்ளே வந்தார். பெண்கள் பின்னாலேயே குதிரைவாலி விதைத்து வந்தார்கள். நடுவுக்கு வர வர வட்டம் சிறுத்தது. அவ்வளவு சின்னதாக வளைய வண்டியால் முடியவில்லை. குருடாயிலும் தீர்ந்தது. வண்டி நடுவிலேயே நின்றது. அதைச் சுற்றி மிச்சமிருந்த கொஞ்சத்தை எல்லோருமாக விடிய விடியக் கடப்பாரையால் நெம்பி, மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள்.

நாலாம் நாள் அதிகாரி வந்தார். கூடவே பெரியவீட்டுக்காரரும் வந்தார். பூவலிங்கம் நின்றுபோன வண்டியின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நாலு மூலையும் தரிசு. நிபந்தனை மீறுனது மீறுனதுதான். மொத்தத்தையும் ரத்துப் பண்ணுங்க" என்றார் பெரியவீட்டுக்காரர். பிறகு பூவலிங்கத்தைப் பார்த்து, "எறங்கிப் பேசுலே!"

"ஆறு வருசம் எறங்கித்தான்யா கெடந்தேன்" என்றார் பூவலிங்கம். இறங்கவில்லை.

அதிகாரி நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தாராம். "உழுததைத்தான் நான் எழுத முடியும். மூலை நாலும் போயிரும்பா" என்றாராம்.

"மூலைய எடுத்துக்கங்கய்யா. நடுவுல இருந்து எங்கள எடுக்க முடியாது."

அப்படித்தான் அந்த இடத்துக்குத் தேர்ப்புஞ்சை என்று பேர் வந்ததாம். இன்றைக்கும் முதல் உழவுக்கு முன்னால் கீழத்தெரு ஆணும் பெண்ணும் ஒரு வடத்தைப் பிடித்துக்கொண்டு புஞ்சையை வலமாக ஒரு சுற்று வருவார்கள். வடத்தின் மறுமுனையில் எதுவும் கட்டியிருக்காது. யார் வேண்டுமானாலும் தொடலாம். உழுகிறவர்கள் இடப்பக்கம் திரும்புவதில்லை.

சின்னம்மா சொன்னதை அப்படியே எழுதப் பயமாக இருந்தது. தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். கொடுத்தது பன்னிரண்டு ஏக்கர். பட்டாவில் இருப்பது ஒன்பது ஏக்கர் நாற்பது சென்ட். பன்னிரண்டு ஏக்கர் சதுரத்துக்குள் அடங்கும் பெரிய வட்டத்துக்குக் கணக்குப் போட்டேன். ஒன்பது ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட் வந்தது. தப்போ என்று மறுபடி போட்டேன், அதே விடை. இரண்டு சென்ட் எங்கே போனது என்று தெரியாமல், நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தைக் கேட்டு வாங்கினேன். வட்டத்தின் நட்டநடுவில் சின்னதாக ஒரு கட்டம். அதற்குள் நில அளவைக்காரர் மையால் எழுதியிருந்தார்: "டிராக்டர். அகற்ற இயலாது."