வீடு சூடாயிருந்த ஒரே நாள்

லீட்ரிம் மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டுச் சமையலறையில் புதன்கிழமை மத்தியானம் மூன்று பேர் இருந்தார்கள். அடுப்பை ஒட்டிய நாற்காலியில், கோட்டும் தொப்பியுமாக, எழுபத்தாறு வயது மலக்கி. கதவிடுக்குக் காற்று நேராக வந்து விழும் பெஞ்சில் அவருடைய தங்கை அட்ராக்டா. மேசைத் தலைமாட்டில், பேனாவோடு, பக்கத்து வீட்டு ஃபிடெல்மா. அந்தச் சரிவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் அவள்தான். சுவருக்கும் கூரைக்கும் குளிர்த்தடுப்புப் பஞ்சு வைத்துத்தரும் அரசு மானியத்துக்கு மலக்கி விண்ணப்பித்திருந்தார். பார்வையிட ஆள் வந்து போனபின் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சேராவிட்டால் கோப்பு மூடப்படும். மறுபடி கேட்டால் இரண்டு வருஷம் ஆகும். இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலத்தை மலக்கியின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபிடெல்மா முதல் வரியை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடித்திருந்தாள்.

ஃபிடெல்மா: இன்னொரு தடவை வாசிக்கிறேன், கேளுங்க. "வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள இயலவில்லை என்று கூறியுள்ளீர்கள். எமது அலுவலர் வந்த அன்று எல்லா அறைகளும் மிகவும் கதகதப்பாக இருந்தன. விளக்கவும்."

மலக்கி: என்னை ஏன் பாக்கறே? இவளைக் கேளு.

அட்ராக்டா: வீட்டுக்கு ஒருத்தர் வராரு. பல்லு தந்தியடிக்க உக்காரவைக்கச் சொல்றியா?

மலக்கி: அதைப் பாக்கத்தானே தாயே அவர் வந்தார்.

அட்ராக்டா: இந்த வீட்டுக்கு வந்தவங்க யாரும் கோட்டோட உக்காந்ததில்லை.

மலக்கி: நான் உக்காந்திருக்கேனே.

அட்ராக்டா: நீ வந்தவனா?

ஃபிடெல்மா: சரி, வரிசையா வருவோம். அன்னிக்குக் காலையில எத்தனை மணிக்கு மூட்டினே?

அட்ராக்டா: ஆறு... நாலரை.

ஃபிடெல்மா: எத்தனை அடுப்பு?

அட்ராக்டா: நாலும்.

மலக்கி: வடக்கு அறைப் புகைபோக்கியில முப்பது வருஷமா காக்காதான் குடியிருக்கு. அதையும் காலி பண்ண வச்சா.

ஃபிடெல்மா: அப்புறம் என்கிட்ட வாங்கிட்டுப் போன ரெண்டு ஹீட்டர். கோழிக்குஞ்சுக்குன்னு சொன்னே.

அட்ராக்டா: குஞ்சும்... இருந்துச்சு.

ஃபிடெல்மா: நவம்பர்ல.

மலக்கி: வந்த மனுஷன் முதல்ல கோட்டைக் கழட்டினார். கடைசியில ஸ்வெட்டரையும்.

அட்ராக்டா: சோடா ரொட்டி நாலு துண்டு சாப்பிட்டார்.

ஃபிடெல்மா: எப்பவும் இப்படித்தானான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரே?

அட்ராக்டா: ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கேட்டார்.

ஃபிடெல்மா: அட்ராக்டா.

அட்ராக்டா: எங்க வீடு எப்பவும் இப்படித்தான்னு... வாய்ல வந்துடுச்சு. ஏன், இவர் பக்கத்துலதானே நின்னார். மறுத்திருக்கலாமே?

மலக்கி: வெளியாள் முன்னாடி உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?

ஃபிடெல்மா: ரெண்டு பேரும் சேர்ந்து நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க. இப்ப எது வேணும்? உன் கௌரவமா, இவர் நெஞ்சா?

அட்ராக்டா: நெஞ்சாம். மச்சு மேல தன் சவப்பெட்டிக்கு ஓக் பலகை அறுத்து அடுக்கிவச்சுட்டு, "நான் தயார், நான் தயார்"னு இருபது வருஷமா மிரட்டுறார்.

மலக்கி: அதை விடு. முதல்ல கடுதாசியைப் பாருங்க.

அட்ராக்டா: பாரு, அதுக்கு மட்டும் பேச்சை மாத்துறார். சரி... எழுது. உள்ளதையே எழுது.

ஃபிடெல்மா: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அலுவலர் வந்த அன்று வீடு சூடாக இருந்ததற்குக் காரணம் அவருடைய வருகை. எப்போதும் இப்படித்தான் என்று என் தங்கை அட்ராக்டா கூறியது மரியாதைக்காக." என்ன எரிச்சீங்கன்னு கணக்கு வேணும்.

அட்ராக்டா: எப்பவும் எரிக்கிற, சதுப்புல வெட்டிக் காயவச்ச மண்கட்டி. கிறிஸ்துமஸ் வரைக்கும் வரவேண்டியது. ரெண்டு மணிக்கே கொட்டகை காலி.

ஃபிடெல்மா: அவர் நாலு மணிக்குத்தானே கிளம்பினார்?

அட்ராக்டா: இவர் ரெண்டு கூடை கட்டை கொண்டாந்தார். காஞ்ச மரம், நின்னு எரிஞ்சுது. எங்கேருந்துன்னு கேட்டா வாயே திறக்கலை.

ஃபிடெல்மா: என்ன மரம் மலக்கி?

மலக்கி: மரம்னு போடு. போதும்.

ஃபிடெல்மா: "...மற்றும் மரம். அடுத்த முறை முன்னறிவிப்பின்றி வருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அட்ராக்டா: திடீர்னு வந்தா ரொட்டி இருக்காதே...

ஃபிடெல்மா: இல்லாமலே போகட்டும். மலக்கி, இங்கே கையெழுத்து. கூட்டுரோட்டுப் பெட்டியில மூணு மணிக்கு எடுத்துடுவாங்க.

மலக்கி: போட்டாச்சு. நல்லா அழுத்தி ஒட்டு.

ஃபிடெல்மா: ஒட்டியாச்சு, தபால்தலையும் ஆச்சு. கிளம்பறேன். இப்பவாவது சொல்லு, என்ன மரம்?

மலக்கி: ஓக்.

அட்ராக்டா: ஓக்கா? நமக்கு ஏது ஓக்... மலக்கி. மச்சு மேல இருந்த பலகையா?

மலக்கி: எப்பவும் இப்படித்தான்னு நீ சொல்லிட்டே. அவர் கிளம்பறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சா நல்லாவா இருக்கும்? ஃபிடெல்மா, நீ வேகமா நட. இந்தக் குளிர்காலத்துல சாகிறதுக்கு எனக்கு வசதியில்லை.