தப்பென்று சொன்ன பேரனுக்குக் கைதட்டல்

நடுநாற்காலியில் வீற்றிருக்கும் தாளாளர் வெங்கடரமணன் அவர்களே, மறைந்த சாருலதா டீச்சரின் மகள் ஸஹானா அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே! இந்த மயிலாப்பூர் பள்ளியின் தமிழாசிரியை நான். வணக்கம்.

சற்றுமுன் தாளாளர் டீச்சரைப் பற்றிப் பேசினார். "பிஞ்சு மனங்களில் அறிவியல் சிந்தனையை விதைத்த மாதரசி" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. ஆகா! அந்த மாதரசியைக் கடந்த ஆடி மாதம் வகுப்பிலிருந்து எடுத்து அட்மிஷன் கவுண்டரில் உட்கார வைத்தது யார்? காக்கையா தூக்கிக்கொண்டு போனது?

சாருலதா டீச்சரின் மூன்றாம் வகுப்பு அறிவியல் பீரியடில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எதையும் சொல்லலாம். ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் எதிராகப் போனால் எழுந்து நின்று தப்பென்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெயித்த பிள்ளைக்கு அங்கே கைதட்டல் கிடையாது. மனத்தை மாற்றிக்கொண்ட பிள்ளைக்குத்தான் கைதட்டல்.

ஒரு நாள், ஸ்வெட்டரில் சுற்றிய ஐஸ்கட்டி சீக்கிரம் உருகுமா என்று கேள்வி.

"உருகும் மிஸ். ஸ்வெட்டர் சூடு குடுக்கும்ல?" என்றான் தாளாளரின் பேரன் சாய்நாத்.

மீனவர் வீட்டுப் பெண் நிலா விடுவாளா? "இன்னா வெச்சு சொல்ற? எங்க நைனா ஐஸ சாக்குலதான் சுத்தி எடுத்துகினு போவாரு!"

டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. "செஞ்சு பாருங்க" என்றார். செய்தார்கள். வெறும் தட்டில் வைத்த கட்டி தண்ணீராகிவிட்டது. ஸ்வெட்டருக்குள் பாதிக் கட்டி மிச்சமிருந்தது. சாய்நாத் எழுந்தான். "நான் நினைச்சது தப்பு மிஸ். சூடு ஸ்வெட்டர்ல இல்ல, நம்ம உடம்புல இருக்கு. ஸ்வெட்டர் சூடு வெளிய போகாம, உள்ள வராமத் தடுக்கத்தான் செய்யுது." வகுப்பே அதிரக் கைதட்டியது. பையன் பெருமையோடு வீட்டுக்கு ஓடினான். அங்கேதான் பிடித்தது சனி.

மறுநாள் தாளாளர் ஆசிரியர் அறைக்கே வந்தார். "என் பேரனை நிக்க வெச்சுத் தப்புன்னு சொல்லச் சொன்னேளா? அதுக்குக் கைதட்டல் வேறயா? அசடு, ஆத்துல வந்து சிரிச்சுண்டு சொல்றான்!"

"அது பாராட்டு சார்" என்றார் டீச்சர். யார் கேட்டது? எட்டு வயதுக்குப் புரிந்தது எழுபது வயதுக்கு ஏறவில்லை! அன்றோடு அந்த வகுப்பு போயிற்று. அந்தப் பீரியடில் இப்போது கையெழுத்துப் பயிற்சி. பொய்யானாலும் அழகாக எழுதினால் போதும் போலிருக்கிறது.

போன வாரம் மாரடைப்பில் டீச்சர் போய்விட்டார். நீங்கள்தான் கொன்றீர்கள் என்று ஸஹானா அழுதாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என்னிடம் ஆதாரம் இல்லை. பயப்படாதீர்கள் சார். ஆனால் "ஒரே ஒரு பீரியட் குடுங்க சார்" என்று அவர் உங்கள் அறை வாசலில் நின்றதைப் பார்த்தவள் நான். நிமிர்ந்துகூடப் பாராமல் "பாக்கலாம்" என்றீர்களே, அதைக் கேட்டவளும் நான். இல்லையென்று சொல்ல முடியுமா?

செய்தது தப்பென்று இந்த மேடையில் யாராவது எழுந்து சொல்லுங்கள். கைதட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யாரும் எழவில்லை. நல்லது.

இரங்கல் தீர்மானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் பீரியடில் நான் மூன்றாம் வகுப்புக்குள் போகிறேன். தமிழ்க்காரிக்கு அறிவியல் என்ன தெரியும் என்பீர்கள். தெரியாததைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்ப்பேன். சாருலதா டீச்சரின் வேலை நிற்காது. தடுப்பதானால் வகுப்புக்கே வந்து, பிள்ளைகளிடம் காரணம் சொல்லித் தடுங்கள். வேண்டுமானால் என்னை வேலையை விட்டே அனுப்புங்கள். நான் செத்த பிறகு மட்டும் இப்படி மைக் பிடித்து அழ வராதீர்கள்.