நம்பர் போடாத கதவு

— தீபிகா, அந்த அட்டைய கீழ வெய்யி. பக்கத்து ஊட்டு வசந்தியாண்ட போயி உண்மைய சொல்ட்டு வா. அப்பால காலேஜுக்குப் போ.

— அம்மா, ஒன்பதரைக்கு ஜூரி, டிசைனப் பாத்து மார்க் போடுவாங்க. இப்பவே மணி எட்டு. இந்த மாடலத் தூக்கிட்டு பாடியில பஸ் ஏறி வேலப்பன்சாவடி போய்ச் சேரணும். ஒரு சுவர் பிஞ்சா ஒட்ட நேரமில்ல. சாயங்காலம் வந்து சொல்றேன்.

— சாயங்காலம் வந்து யாராண்ட சொல்லுவ? கதவாண்டயா? பத்து மணிக்கு அவ வண்டி வருது. பீரோ, கட்டிலு, கேஸு எல்லாத்தையும் ஏத்திகினு குத்தம்பாக்கத்துல நாத்தனா ஊட்டுக்குப் போறா. பொண்ணுக்கு ஸ்கூல்ல டிசி வாங்கிட்டா.

— யார் அவங்கள போகச் சொன்னது?

— அவ கதவு மேல செவப்புல பதினேழுன்னு எழுதனியே, அது சொல்லிச்சி.

— அது சர்வே நம்பர்மா. எந்த வீட்டை அளந்தேன்னு எனக்கு அடையாளம் வேணாமா? இருபத்தொன்பது வீடு. எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கு.

— உனுக்கு அடையாளம். இந்த கால்வாய்க்கரையில கீறவங்களுக்கு அது இன்னான்னு தெரியாதா? மூணு வருசம் முன்ன எதுத்த கரையில இப்டித்தான் டேப்பு புட்சி அளந்தாங்க. இப்டித்தான் செவப்புல நெம்பர் போட்டாங்க. நாலாவது மாசம் ஜேசிபி வந்து நின்னுச்சி. நீயும் நானும் இதே வாசப்படியில நின்னு பாத்தோமா இல்லியா?

— நான் கவர்மென்ட்டுன்னு யார்கிட்டயும் சொல்லல.

— இல்லன்னும் சொல்லல.

— கேட்டாத்தான சொல்ல முடியும்.

— டபாய்க்காத. பால்ராஜு கேட்டான். ‘காலேஜு பசங்கள வெச்சி கவர்மென்ட்டு கணக்கெடுக்குதாமே, ஊடு குடுப்பாங்களாம்மா’ன்னு என் காது கேக்க கேட்டான். நீ இன்னா சொன்ன?

— பஸ் போயிடும்மா.

— இரு. நான் சொல்றேன். ‘வீடு சம்பந்தமாத்தான் அண்ணா’ன்னு சொன்ன.

— பொய் இல்லியே. என் ப்ராஜெக்ட்டே வீடுதான். அந்த ஒரு வார்த்தை சொல்லலன்னா எவனும் என்ன உள்ளயே விட்டிருக்க மாட்டான். ‘எங்க கிச்சன அளந்து நீ இன்னாம்மா பண்ணப்போற’ன்னு கதவச் சாத்தியிருப்பான். உனக்குத் தெரியாதா இந்தத் தெரு?

— தெரியும். அத்தொட்டுதான் யூசுப் பாய் ஒரு ஊட்ட ரெண்டு குடும்பம்னு சொன்னாரு. பால்ராஜு செத்துப்போன மாமியாரையும் சேத்து எழுதச் சொன்னான். அந்தக் கெழவிக்கும் உன் பிளான்ல எடம் வெச்சிருக்கியா?

— வெச்சிருக்கேன்.

— இன்னாது?

— ‘முதியோர் அறை, காற்றோட்டத்துடன்’. போன ரிவ்யூல ஹேமநாதன் சார் அதத்தான் ரொம்பப் பாராட்டினாரு. சிரிக்காதம்மா.

— நான் எங்கடி சிரிக்கிறேன். உசுரோட இருந்தப்ப அவளுக்கு ஃபேன் காத்து கூட இல்ல.

— எனக்கு மட்டும் ஆசையா? கிளாஸ்ல ஒருத்தன் அப்பா பில்டர், ஒருத்தி அப்பா ஆர்க்கிடெக்ட். ஜெகதீஷ் ப்ராஜெக்ட்டுக்கு மாமல்லபுரத்துல ரிசார்ட் எடுத்திருக்கான், கார்ல போய் ட்ரோன் விட்டுப் படம் எடுத்துட்டு வரான். போன செமஸ்டர் எனக்கு வில்லா வரையக் குடுத்தாங்க. வில்லாவ நான் எங்க பாத்தேன்? ஹால்ல நாலு பேர் பாய் விரிச்சுப் படுக்க இடம் விட்டு வரைஞ்சேன். ‘இது என்ன காலி இடம்’னு கேட்டாங்க. சொன்னேன். ரூமே சிரிச்சுது. ஃபெயில் போட்டாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் இந்தத் தெருதான். அதத்தான் எடுத்தேன்.

— எடுத்த. சரி. தெருவுல கீறவங்களையும் சேத்து எடுத்துகினு போய்ட்டியே.

— நீ ஏன் இவ்ளோ நாளா சொல்லல? நம்பர் போட்டு ரெண்டு வாரம் ஆகுது.

— சொல்ல எனுக்கு வாயி ஏது? குழாயாண்ட ஒருத்தியும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. எல்லா கதவுலயும் நெம்பர் கீது, இந்த மங்களம் கதவுல மட்டும் இல்ல. ‘பொண்ணு கவர்மென்ட்டு உள்ள கீறா, தன் ஊட்ட காப்பாத்திகினா’ன்னு என் காதுபடவே பேசறாளுங்க. நைட்டு ஷிப்டுல அட்டப்பொட்டி ஒட்டிட்டு வந்து நான் தல குனிஞ்சிகினு தண்ணி புடிக்கிறேன். நம்ம ஊட்டுக்கு மட்டும் ஏன்டி நெம்பர் போடல?

— நம்ம வீடு எனக்குத்தான் தெரியுமே. அடையாளம் எதுக்கு?

— இந்தப் பொம்மையில எல்லா ஊட்டுக்கும் வாசல் வெட்டிகீற. வசந்தி ஊட்டுக்குப் பக்கத்துல கீறது நம்முளுது தான? கட்டையாட்டம் ஒட்டி வெச்சிகீற. இதுக்கு வாசல் எங்க?

— நேரமில்ல. வெட்டணும். அதத் தொடாதம்மா, பசை காயல.

— மதினி, இருக்கியளா? ஒங்க இட்லிக் குண்டானக் கொண்டாந்தேன். கழுவித்தான் வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க.

— வா வசந்தி. உள்ள வா. இது இன்னாத்துக்கு இப்ப?

— போற எடத்துல இருந்து இதக் குடுக்க ஒருக்க வர முடியுமா? எங்க அவுக லாரியில லோடு ஏத்திட்டு ஓசூர் போயாச்சு. நான் ஒருத்திதான் எல்லாத்தையும் கட்டுதேன். தீபிகா, என்னட்டி, பரிட்சையா? பொம்ம வீடுல்லாம் நல்லா இருக்கே.

— தீபிகா. இப்ப சொல்றியா, நான் சொல்லட்டா?

— அக்கா... நீங்க ஏன் இவ்ளோ அவசரமாப் போறீங்க?

— நல்லாக் கேட்ட போ. ரேஷன் கார்டு இன்னும் எங்க ஊர் அட்ரஸ்லதான் கெடக்கு, அம்பாசமுத்திரத்துல. வீட்டு ஓனருக்கு மாத்து வீடு குடுப்பாக. வாடகைக்கு இருக்கவளுக்கு என்ன குடுப்பாக? கடைசி நாள்ல சாமான ரோட்டுல வச்சிட்டு நிக்கதுக்கு, இப்பமே மரியாதையாப் போயிருதேன். ஒன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ ஒன் வேலையப் பாத்த. அன்னைக்கு ஒங்க சார் வந்தப்ப நீ சொன்ன மாதிரியே ஒன்ன மேடம்னு கூப்புட்டேன்லா?

— மேடமா? இன்னா வசந்தி அது?

— ஒங்களுக்குத் தெரியாதா மதினி? சார் வாரதுக்கு முந்துன நாள் வீடு வீடா வந்து சொல்லிச்சே. ‘நான் இந்தத் தெருப் பொண்ணுன்னு காட்டிக்காதீங்க அக்கா, மார்க்கக் கொறச்சிருவாங்க’ன்னு. சொந்த ஊருக்கு ஆபீசரப் போடமாட்டாகள்லா, அது மாதிரின்னு நாங்களும் நெனச்சோம். யூசுப் பாய் எந்திரிச்சு நின்னு வணக்கம் வச்சாரு. எங்க பிள்ள மட்டும் ‘தீபிகாக்கா’ன்னு ஓடிச்சு, நான்தான் வாயப் பொத்தி உள்ள இழுத்துட்டுப் போனேன்.

— அன்னிக்கா... வசந்தி, அன்னிக்கு இவ என்னை உள்ள வெச்சி வெளிய பூட்டு போட்டுகினு போனா. நைட்டு ஷிப்டு முட்சி படுத்துகினு இருந்தேன். எய்ந்து தண்ணி புடிக்கலாம்னு பாத்தா கதவு தொறக்கல.

— நீ தூங்கட்டும்னுதான்மா பூட்டினேன். ஆளுங்க வந்து தட்டுவாங்கன்னு.

— சொல்லுடி. அவளாண்ட சொல்லு.

— அக்கா, வண்டி வேணாம்னு சொல்லிடுங்க.

— எதுக்கு?

— அந்த நம்பர் நான் போட்டது.

— நீ போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? நாந்தான ஸ்டூல் எடுத்துக் குடுத்தேன்.

— இல்லக்கா. எனக்காகப் போட்டது. கவர்மென்ட் இல்ல, ஆபீஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. காலேஜ் ப்ராஜெக்ட். ஒரு தெருவ எடுத்து, அளந்து, அதுல நல்ல வீடு, பொது இடம் எல்லாம் எப்படி வரலாம்னு வரைஞ்சு காட்டணும். பேப்பர்ல மட்டும். யாரும் இடிக்க வரல. யாரும் வீடு குடுக்கவும் வரல. நீங்க எல்லாரும் கவர்மென்ட்டுன்னு நினைச்சது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்.

— டிசி வாங்கிட்டேனேட்டி.

— நான் இப்பவே வந்து ஹெச்.எம். கிட்ட பேசறேன். ஜூரிக்கு லேட்டானாலும் பரவால்ல.

— என்னன்னு பேசுவ? ‘நான் வெளையாட்டுக்கு நம்பர் போட்டேன், இவ நம்பிட்டா’ன்னா? எங்க பிள்ள ஒரு வாரமா அழுதுக்கிட்டே இருக்கு. கூடப் படிக்கவகளுக்கெல்லாம் பேனா வாங்கிக் குடுத்துட்டு வந்துருக்கு.

— மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலக்கா.

— எங்க, நீ வரைஞ்ச அந்தப் படத்தக் காட்டு. எதுக்காக இம்புட்டும்னு நானும் பாக்கேன்.

— வேணாம்க்கா. ரோல் பண்ணிட்டேன்.

— விரி. எங்க வீட்டுக்குள்ள டேப்ப இழுத்தப்ப நான் வேணாம்னா சொன்னேன்?

— வசந்தி கேக்குறால்ல, விரிடி.

— இந்தாங்க. இது இப்ப இருக்கிற தெரு. கால்வாய் இந்தப் பக்கம். இது யூசுப் பாய் வீடு, இது பால்ராஜ் அண்ணன் வீடு. இந்தப் பக்கத்துல இருக்கிறது புதுசா வரப்போறது. வரப்போறதுன்னா, என் கற்பனை.

— பழசுல பதினேழு இங்க இருக்கு. புதுசுல எங்க? பதினாறுக்குப் பெறவு பத்தொம்பதுல்லா வருது.

— அங்க ஒரு முற்றம் வருதுக்கா. எல்லாருக்கும் பொதுவா. பிள்ளைங்க விளையாட, சாயங்காலம் உக்காந்து பேச. ஒரு வேப்பமரம்.

— மரம் நல்லாருக்கு. அப்பம் எங்க வீடு?

— எடுத்துட்டேன். அந்த இடத்துலதான் வெளிச்சம் உள்ள வரும். வேற வழியில்ல, டிசைன் அப்படி.

— பாத்தியளா மதினி. அந்த நம்பர நான் சரியாத்தான் படிச்சிருக்கேன். நம்பர் போட்டா வீடு போயிரும்னு நெனச்சேன். போயிட்டு. இந்தப் பிள்ள நம்ம தெருப் பிள்ளையா இருந்தும் போயிட்டு.

— அக்கா, அது நிஜம் இல்ல.

— எனக்குப் புரியுது. நீ வருத்தப்படாத. பதினெட்டு ஏன் இல்ல? எனக்குப் பக்கத்து வீடு மதினி வீடுல்லா?

— வசந்திக்கா, போதும். மடிச்சிடறேன்.

— இரு, கைய எடு. பழசுல மதினி வீட்டு மேல கோடு கோடாப் போட்டு இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கே. வி, ஏ, சி... ஏ, என், டி. இந்த வார்த்த எனக்குத் தெரியும். வீடு பாக்கதுக்கு புரோக்கர் தெனம் வாட்ஸப்புல அனுப்புவான்.

— இன்னா வார்த்த வசந்தி?

— விடுங்க மதினி. எதோ பாடத்துல உள்ளது.

— வேகன்ட்டா?

— ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— அன்னிக்கு அவ சாரு நம்ம கதவாண்ட நின்னு, ‘இதுல யாரு இருக்காங்க’ன்னு கேட்டாரு. நான் உள்ள தாப்பாளப் புட்சிகினு நின்னுகினு இருந்தேன். இவ ‘வேகன்ட் சார்’னு சொன்னா. பெரிய படிப்பு, நம்ம ஊட்டுக்கு இன்னாவோ நல்ல பேரு வெச்சிகீறான்னு நெனச்சிகினு நான் சத்தம் காட்டாம போயி படுத்துகினேன். அப்டின்னா இன்னா வசந்தி?

— அம்மா, அவங்க உள்ள வரேன்னு சொன்னாங்க. சாரோட கிளாஸ் பசங்களும் வந்திருந்தாங்க, ஜெகதீஷ் கேமராவோட நின்னான். ஒரே ரூம், நீ தரையில படுத்திருக்க, கொடியில துணி தொங்குது. போன தடவ சிரிச்ச அதே ஆளுங்கம்மா. நம்ம வீட்ட பாத்து அவங்க ‘சோ ரியல்’னு சொல்றத என்னால கேட்டுட்டு நிக்க முடியாது. மத்தவங்க வீட்டுல சொன்னப்ப நின்னேன். ரசிச்சுகூட நின்னேன். நம்ம வீட்டுல முடியல. அதான் அந்த வார்த்த வாயில வந்துச்சு. அப்புறம் படத்துலயும் அதையே எழுத வேண்டியதாப் போச்சு.

— நான் உன்ன கேக்கல. வசந்தி, நீ சொல்லு.

— காலின்னு அர்த்தம் மதினி. ஆள் இல்லாத வீடுன்னு.

— அத்தொட்டுதான் வாசல் வெட்டலியா.

— அம்மா, நான் போகல. ஜூரி வேணாம். பெயிண்ட் தின்னர் வெச்சு எல்லாக் கதவையும் நானே தொடைக்கிறேன். வீடு வீடாப் போய்ச் சொல்றேன். வசந்திக்கா, அந்த டிரைவர் நம்பரக் குடுங்க, வண்டி வேணாம்னு நான் சொல்றேன்.

— வேணான்னு சொல்லாத வசந்தி. வண்டி வரட்டும். ஏத்தறதுக்கு இங்க என் சாமானும் கொஞ்சம் கீது, இந்த ஊடு காலியாம்.