மேனேஜர் பெயர் மறையும் வரை

ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்ட இருவர் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஒருவர் தேயிலைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அம்மா. மற்றவர் அங்கேயே கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர்.

“மேனேஜர் இருக்கறப்ப நான் எப்படிங்க கிளம்பறது? நீங்க சொல்லிக் குடுத்த கமாண்டை அடிச்சு அடிச்சுப் பாத்தேன். யாரெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காங்கன்னு வர்ற லிஸ்ட்ல அவரு பேரு போகவே மாட்டேங்குது.”

“பேருக்குப் பக்கத்துல என்ன வேலை ஓடுதுன்னும் வருமே, பாக்கலீங்களா?”

“இல்லீங்களே. என்ன ஓடுச்சு?”

“அதே கமாண்டுதானுங்க. ஸ்டாஃபுக்கு முன்னாடி எப்படிக் கிளம்பறதுன்னு, உங்க பேரு எப்பப் போகும்னு அவரும் பாத்துட்டு இருந்தாரு.”

“ஏனுங்க, அதை அப்பவே சொல்லக் கூடாதுங்களா?”

“ரெண்டு பேருல யாரு முதல்ல எந்திரிப்பீங்கன்னு நான் பாத்துட்டு இருந்தேனுங்க. கரண்ட் போகலைன்னா மூணு பேரும் இன்னும் அங்கயேதான்.”

ஊட்டி பஸ் வந்தது. ஸ்வெட்டர் போட்ட ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அந்த அம்மா விறைத்து நின்றதிலேயே அவர் யாரென்று தெரிந்துவிட்டது.

“சார், நீங்க முதல்ல ஏறுங்க.”

“இல்லம்மா, நீங்க ஏறுங்க.”

“ஐயோ, நீங்க ஏறுங்க சார்.”

நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியபோது மூவரும் கீழேதான் நின்றிருந்தார்கள்.