இரும்புச் சாவிக்கும் ஓடிய வண்டி

கொல்லிமலை, 8.8.2006. பெண் காவலர் ருக்குமணி உடனிருக்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் மேனகா. வயது 34. கணவர் பெயர் சசிதரன். மலையடிவாரத்தில் காரவள்ளியில் குடியிருக்கிறேன். சொந்த நிலத்தில் மரவள்ளியும் சோளமும் வைத்து விவசாயம் பார்க்கிறோம். எங்கள் காரைத் திருடியதாக இந்த நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் கவியரசன் என் உடன்பிறந்த தம்பி. சேலத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். அவன் இந்தக் காரை இதற்கு முன் கண்ணால் பார்த்தது கூடக் கிடையாது.

சென்ற தை மாதம் என் கணவரின் அக்கா அம்சவேணியின் வீட்டுக்காரர் அருணாசலம் ஒரு பழைய வெள்ளைக் காரை எங்களுக்கு விற்றார். பழைய கார் வாங்கி விற்பதுதான் அவருடைய தொழில். சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். உறவுக்காரர் தட்டில் வைத்துக் கொடுத்த பொருளை எங்கள் பக்கத்தில் பிறகு குறை சொல்லக் கூடாது. வண்டியில் திருட்டைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது என்றும், சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது என்றும், அது இல்லாத சாவியைப் போட்டால் இன்ஜின் ஓடாது என்றும் சொன்னார். இன்னொரு சாவி எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றார். "பூட்டு வேல செய்யுதான்னு ஒருக்கா பாத்துக்கலாங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். என் நங்கையா அம்சவேணி சிரிக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு குடுத்த வண்டியச் சோதிச்சுப் பாக்கோணுமாக்கும்?" என்றார். என் கணவர் என்னை உள்ளே போய்க் காப்பி போடச் சொன்னார். போட்டேன்.

அதன் பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன். "அக்கா, சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒண்ணு வெட்டிப் போட்டுப் பாரு. வண்டி கெளம்புனாலும் ஒடனே அணைஞ்சு போகோணும். அணையாம ஓடுச்சுன்னா பூட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றான். அவன் இந்த வழக்கில் செய்தது அந்த ஒரு பேச்சுத்தான்.

அதன் பிறகு நான் சேந்தமங்கலம் போய் ஒரு சாவி வெட்டி வந்து, என் கணவர் காட்டுக்குப் போயிருந்தபோது வாசலில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். வண்டி கிளம்பியது. கோழிகள் எல்லாம் பறந்தன. அணையும், அணையும் என்று சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அணையவே இல்லை. நானே திருகி அணைத்தேன். கணவர் வந்ததும் சாவியைக் காட்டி, தம்பி சொன்னதையும் சொல்லி, வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம், ஒர்க்‌ஷாப்பில் காட்டிச் சரிசெய்வோம் என்று சொன்னேன். "அக்காளுக்குத் தெரிஞ்சா நான் எப்படிடி அவ மூஞ்சில முழிக்கறது? வாய மூடிட்டு இரு" என்றார். சாவியை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் போட்டு வைத்தேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு ஆடிப் பதினெட்டு அன்று நானும் என் கணவரும் நங்கையாவும் அந்தக் காரில் மலையேறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வந்தோம். அருணாசலம் வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை. காரைக் கோயிலுக்குக் கீழே நிறுத்திவிட்டு, அருவியில் குளித்து, சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், காரைக் காணவில்லை. நிறுத்தியதும் சக்கரத்துக்கு அடியில் நான் வைத்த எலுமிச்சம் பழம் மட்டும் நசுங்கி மண்ணில் கிடந்தது. என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நங்கையா பதறவில்லை. "சாவி ஆருகிட்ட இருக்குது?" என்றுதான் முதலில் கேட்டார். என் கணவர் இடுப்பில் இருந்த சாவியைக் காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நினைத்த முட்டாள் நான்.

அதன் பிறகு என் கணவர் இதே நிலையத்தில் புகார் கொடுத்தார். மனைவி திருட்டுத்தனமாகச் சாவி வெட்டினாள், அவள் தம்பிதான் சொல்லிக் கொடுத்தான், அவனுக்குக் கார் வேலை தெரியும் என்று அவர் வாயாலேயே சொன்னார். நங்கையா பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதன் பேரில் தம்பியைச் சேலத்திலிருந்து அழைத்து வந்தார்கள். மறுநாள் நான் சோறு கொண்டு வந்தபோது, அவனுடைய செருப்பில் ஒன்று மட்டும் நிலைய வாசலில் கிடந்தது. அதைப் பற்றி நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

நேற்று அந்தக் கார் தம்மம்பட்டியில் கருப்பண்ணன் என்பவரின் கொட்டகையில் கிடைத்தது. அருணாசலம்தான் ஓட்டி வந்து நிறுத்தினார் என்று கருப்பண்ணன் சொன்னார். கவியரசன் கொண்டுவந்து கொடுத்ததால் நிறுத்தினேன் என்று அருணாசலம் சொன்னார். இன்று காலை காரை இங்கே கொண்டு வந்தார்கள். நான் அஞ்சறைப் பெட்டியோடு சாவியைக் கொண்டு வந்து கொடுத்தேன். அதில் கடுகு ஒட்டியிருந்தது. ஆய்வாளர் அதைப் போட்டுத் திருகினார். என் வாசலில் ஓடியது போலவே வண்டி அணையாமல் ஓடியது. அதன் பிறகு மெக்கானிக்கை வைத்து ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு சாவியின் கறுப்புத் தலை கறுப்பு டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சிப் எப்போதும் உள்ளேயே இருப்பதால் எந்தச் சாவியைப் போட்டாலும் ஓடும் என்று மெக்கானிக் சொன்னார்.

அதன் பிறகு கருப்பண்ணன் கொட்டகையில் காருக்குள் இருந்த சாவியை மேசை மேல் வைத்தார்கள். அது தலை உடைந்த சாவி. பிடிக்க வசதியாகத் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணி, போன தீபாவளிக்கு நான் நங்கையாவுக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் கிழிசல். துணியைப் பிரித்துவிட்டு, அந்தச் சாவியையும் மூடிக்குள் ஒட்டியிருந்த கறுப்புத் தலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். உடைந்த இடம் சரியாகப் பொருந்தியது. தொலைந்துவிட்டதாகச் சொன்ன இரண்டாவது சாவி அதுதான்.

அப்போது என் கணவர் எழுந்து ஆய்வாளரைக் கும்பிட்டார். "வண்டிதான் கெடச்சிருச்சுங்களே. புகார வாபஸ் வாங்கிக்கறேனுங்க. அக்கா ஊட்டு மானம் போயிருமுங்க" என்றார். திருடன் என் தம்பியாக இருந்தவரை அவருக்கு வழக்கு வேண்டியிருந்தது. என் தம்பிக்கும் ஒரு அக்கா இருக்கிறாள் என்பது அவருக்குக் கடைசி வரை நினைவுக்கு வரவில்லை. புகாரை வாபஸ் வாங்க எனக்குச் சம்மதம் இல்லை. கோர்ட்டிலும் வந்து இதையே சொல்வேன். இன்று நான் என் தம்பியோடு பேளுக்குறிச்சியில் என் அப்பா நாச்சிமுத்து வீட்டுக்குப் போகிறேன். சம்மன் அனுப்புவதானால் அந்த விலாசத்துக்கு அனுப்பவும்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. நடந்தது இதுதான். கல்யாணம் ஆனதிலிருந்து ச. மேனகா என்று கையெழுத்துப் போட்டு வந்தேன். இதில் அப்பா பெயரின் எழுத்தோடு போடுகிறேன்.

(ஒப்பம்) நா. மேனகா