டயல் மட்டும் நகல்

பழைய ஸ்விஸ் வாட்ச் வாங்குவதாக இருந்தால் முகத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். முதுகு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டயலை யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதிவிடலாம், உள்ளே இருக்கும் மெஷினில் ஏமாற்றுவது கஷ்டம். லேக் மார்க்கெட்டில் என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். இந்த சௌந்தரராஜன் பார்த்துச் சொன்னால் பெங்காலிகளும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

எங்கள் தெருப் பையன் கோபுவின் வாட்ச், அவன் அப்பா கட்டியிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கிப் பாழானபோது புது டயல் எழுதிப் போட்டதே நான்தான்.

அதை விற்பதற்கு ஒரு பெங்காலி பாபுவை அழைத்துக்கொண்டு வந்தான். எதற்கு விற்கிறான் என்று எனக்குத் தெரியும். என் பெண் வசந்தியோடு பம்பாய்க்குப் போவதற்கு. அவள் பெட்டி கட்டி வைத்திருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். அவள் அம்மா போனபிறகு எனக்கு வேறு நாதி கிடையாது. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் எப்படி இருப்பேன்? அவளிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

அசலா நகலா என்று பாபு பெங்காலியில் கேட்டார். கடையில் எப்போதும் பெங்காலிதான் பேசுவேன். அன்று ஏனோ தமிழ் வந்தது.

"டயல் நகல்," என்றேன்.

அதில் பொய் இல்லை. நமக்கு நகல் என்றால் பிரதி. அவர்களுக்கு நொகோல் என்றால் போலி. பாபு கோபுவின் சட்டையைப் பிடித்துவிட்டார். போலி வாட்ச் வாங்கி ஏமாந்தவர்கள் அந்தத் தெருவில் நிறைய. டிராமுக்கு நின்றவர்களும் கூடிக்கொண்டார்கள். கோபு பெங்காலியில் என்னென்னவோ சொன்னான். விற்க வந்தவன் பேச்சை யார் கேட்பார்கள்?

"மாமா, மெஷினையும் சொல்லுங்கோ மாமா," என்றான். வாயெல்லாம் ரத்தம்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் பார்க்காமல் சொல்வது என் வழக்கமில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். துடைத்து மூடினேன். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன். அருமையாக ஓடியது. நிமிர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கோபு தண்டவாளத்து ஓரத்தில் கிடந்தான், மூச்சு இல்லை.

வசந்தி என்னோடுதான் இருக்கிறாள். பேசுவதில்லை, ஆனால் வேளைக்குக் காபி வந்துவிடுகிறது.

அவனை நான் தொடக்கூட இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாதது என் குற்றமா? சொல்ல வந்ததில் மிச்சம் இருந்தது ஒரே சொல்தான்: அசல். அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.